டப்பாவின் மேல் ஒரு எலுமிச்சை

நம்ம ஊரில் எலுமிச்சம்பழத்துக்கு இருக்கிற வேலை வேறெந்தப் பழத்துக்கும் கிடையாது. புது வண்டி வாங்கினால் சக்கரத்தடியில் நசுங்கும். பெரிய மனிதர்களைப் பார்க்கப் போனால் கையில் ஏறும். அம்மனுக்கு மாலையாகும். ஊறுகாயாகும். பித்தம் தலைக்கேறினால் தேய்த்துக் குளிக்கச் சொல்வார்கள். இத்தனையும் போதாதென்று ஃபேஸ்வாஷ், ஸ்க்ரப், சீரம் என்று முகத்துக்கும் வந்துவிட்டது.

சூப்பர் மார்க்கெட்டில் அந்த வரிசையைப் பாருங்கள். பாதியாக நறுக்கிய பழம், அதிலிருந்து சொட்டும் ஒரு துளி, பக்கத்தில் 'பிரைட்டனிங்' என்று ஒரு வார்த்தை. இது முன்பக்கம். டப்பாவைத் திருப்பினால் எறும்பு சைஸில் ஒரு பட்டியல் இருக்கும். தண்ணீர், கிளிசரின், வாயில் நுழையாத பத்துப் பதினைந்து பெயர்கள் எல்லாம் தாண்டி, கடைசி வரியில் 'சிட்ரஸ் லிமன் ஃப்ரூட் எக்ஸ்ட்ராக்ட்' தலை காட்டும்.

இந்தப் பட்டியலுக்கு ஒரு விதி உண்டு. ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கும் பொருட்களை அளவில் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்த வேண்டும். அதற்குக் கீழே உள்ளவற்றை எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். 'ஃபீனாக்ஸி எத்தனால்' என்று ஒரு பிரிசர்வேடிவ் பல க்ரீம்களில் இருக்கும். அதன் உச்சவரம்பே 1 சதவீதம். அதற்குப் பின்னால் வருகிற எதுவும் ஒரு சதவீதத்தைத் தாண்டாது. எலுமிச்சை பெரும்பாலும் அதற்கும் பின்னால்தான். போதாக்குறைக்கு அந்த எக்ஸ்ட்ராக்டே பாதிக்கு மேல் தண்ணீரும் கிளிசரினுமாக இருக்கலாம். படத்தில் இருக்கிற பழம் டப்பாவுக்குள் போகவே இல்லை சார், வாசலோடு சரி!

"வைட்டமின் சி இருக்கே?" என்பீர்கள். கணக்குப் போடுவோம். 100 மில்லி எலுமிச்சைச் சாற்றில் சுமார் 40 மில்லிகிராம் வைட்டமின் சி. தோல் டாக்டர்கள் எழுதித் தரும் 10 சதவீத சீரத்தில் அதே 100 மில்லிக்கு 10,000 மில்லிகிராம். 250 மடங்கு! சுத்தமான சாற்றுக்கே இந்தக் கதி என்றால், ஒரு சதவீத எக்ஸ்ட்ராக்ட் என்ன செய்துவிடும்?

பட்டியலில் 'சிட்ரிக் ஆசிட்' என்றும் பார்த்திருப்பீர்கள். அது நிஜமாகவே வேலை செய்கிற பொருள். க்ரீமின் அமிலத்தன்மையைச் சரியான அளவில் வைத்திருக்கும். ஆனால் அது எலுமிச்சையிலிருந்து வருவதில்லை. 1784-ல் ஷீலே என்ற வேதியியலாளர் எலுமிச்சைச் சாற்றிலிருந்துதான் அதைப் பிரித்தார், வாஸ்தவம். 1919-லிருந்து தொழிற்சாலைகளில் சர்க்கரைக் கரைசலில் ஒரு கருப்புப் பூஞ்சையை வளர்த்துத் தயாரிக்கிறார்கள். பூஞ்சைப் படம் போட்டால் யார் வாங்குவார்கள்?

சரி, கம்பெனிதான் ஏமாற்றுகிறது, நாமே பழத்தை நறுக்கித் தேய்த்துக்கொள்வோம் என்றால், அது இன்னும் மோசம். டப்பாவில் எலுமிச்சை இல்லாதது ஏமாற்றம்தான். முகத்தில் இருப்பது ஆபத்து. நம் சருமத்தின் பி.ஹெச். சுமார் 5. எலுமிச்சைச் சாற்றுக்குச் சுமார் 2. மூன்றுதானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். அந்த அளவுகோலில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. ஆக, ஆயிரம் மடங்கு அமிலம்.

அடுத்தது வெயில். எலுமிச்சையில், குறிப்பாகத் தோலில் இருக்கும் எண்ணெயில், ஃப்யூரோகூமரின் என்ற பொருட்கள் உண்டு. அவை சருமத்தில் இருக்கும்போது வெயில் பட்டால் புற ஊதாக் கதிரோடு சேர்ந்து சருமத்தைப் பொசுக்கும். ஒரு நாளில் சிவக்கும், இரண்டு மூன்று நாளில் கொப்புளம்கூட வரும். அது ஆறியபின் திட்டுத் திட்டாகக் கறுப்பு. போக மாதக்கணக்காகும். வாசனைப் பொருள் துறையின் சர்வதேச அமைப்பான இஃப்ரா, வெயில் படும் சருமத்தில் பூசும் பொருட்களில் பிழிந்தெடுத்த லெமன் எண்ணெய் 2 சதவீதத்தையும், லைம் எண்ணெய் 0.7 சதவீதத்தையும் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. நம்ம புளியங்குடியிலிருந்து வருகிற சின்ன உருண்டை எலுமிச்சை தாவரவியல்படி 'லைம்' ஜாதி. கண்டிப்பு அதிகமான பக்கம்!

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும். "எலுமிச்சம்பழம் தேய்ச்சா பளிச்னு இருப்படி" என்று யாராவது அத்தை சொல்வார். பெண்ணும் காலையில் தேய்த்துவிட்டு, அரைகுறையாகக் கழுவிக்கொண்டு, பத்து மணி வெயிலில் பத்திரிகை கொடுக்கக் கிளம்பும். வெளுக்கப் போன முகம் கறுத்துத் திரும்பும். மேடையில் அதை மறைக்க இன்னும் நான்கு கோட் மேக்கப்.

அத்தையைக் குறை சொல்லாதீர்கள். அவர் குத்துவிளக்கைப் பார்த்துச் சொல்கிறார். எலுமிச்சை தேய்த்தால் பித்தளை மினுங்குகிறது. ஏன்? மேலே படிந்த ஆக்ஸைடு கறையை அமிலம் கரைக்கிறது. முகத்தின் நிறம் அப்படி மேலே படிந்த கறை இல்லை. மேல்தோலின் அடி வரிசையில் இருக்கும் செல்கள் மெலனினை உண்டாக்கி மேலே அனுப்பிக்கொண்டே இருக்கின்றன, வெயிலிலிருந்து நம்மைக் காக்க. குடையைப் போய் யாராவது கறை என்று தேய்ப்பார்களா?

எலுமிச்சையை வைத்து யோக்கியமாக வியாபாரம் செய்ததும் உண்டு. எழுபதுகளில் வந்த லிரில் சோப்பை ஞாபகமிருக்கிறதா? அருவி, ஒரு பெண், 'லா லலலா'. குளித்தால் புத்துணர்ச்சி என்றார்கள். வாசனை இருந்தது, புத்துணர்ச்சியும் இருந்தது. அதே கம்பெனியின் 'ஃபேர் அண்ட் லவ்லி'யும் எழுபதுகளில் வந்ததுதான். அது விற்றது வெளுப்பை. 2020-ல் 'ஃபேர்' போய் 'க்ளோ' ஆனது. பெயர் மாறிவிட்டது. கடை அலமாரியில் 'பிரைட்டனிங்', 'டீ-டான்' என்று அதே ஆசை வேறு சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது. அதற்குச் சாட்சி கையெழுத்துப் போடத்தான் எலுமிச்சைப் படம். 'பாட்டி வைத்தியம்தானே, கெடுதல் செய்யாது' என்ற நம்பிக்கையை அந்த ஒரு படம் இலவசமாக வாங்கித் தருகிறது.

எலுமிச்சை வாசம் பிடித்திருக்கிறதா, ஃபேஸ்வாஷ் வாங்கிக்கொள்ளுங்கள், கழுவிவிடுகிற சமாசாரம். எரிச்சலோ அரிப்போ வந்தால் நிறுத்துங்கள். வெளுக்கும் என்று மட்டும் காசு கொடுக்காதீர்கள். வெயில் கறுப்பு கவலையென்றால் சன்ஸ்க்ரீன் இருக்கிறது, குடை இருக்கிறது. ஜூஸ் பிழிந்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வெளியே போங்கள்.

வெள்ளையாகியே தீரணும் என்கிற அந்தப் பித்தத்துக்கு வேண்டுமானால் பழைய வைத்தியம் இருக்கிறது. எலுமிச்சம்பழத்தைத் தலையில் தேய்த்துக் குளியுங்கள். வெயில் சாய்ந்த பிறகு.