இளமை மருந்தும் திகில் படங்களும்

திகில் திரைப்படங்களில் இளமை மருந்து பொய்ப்பது அரிது. 1959இல் ரோஜர் கார்மன் இயக்கிய ‘தி வாஸ்ப் உமன்’ என்னும் அமெரிக்கப் படத்தில், அழகுப்பொருள் நிறுவனத் தலைவி ஒருத்தி இராணிக் குளவியின் சாற்றை ஊசிவழி ஏற்றிக்கொள்கிறாள். முதுமை அகல்கிறது, பின்னர் அவளே குளவியாகி மனிதரைக் கொல்கிறாள். 1960இல் வந்த ‘தி லீச் உமன்’ படத்தில் மருந்துக்கு ஆடவரின் உயிர் தேவைப்படுகிறது. 2024இல் கொராலி ஃபார்ஷா இயக்கிய ‘தி சப்ஸ்டன்ஸ்’ படத்திலோ, ஐம்பது வயதான நடிகையின் முதுகைப் பிளந்துகொண்டு இளையவள் ஒருத்தி வெளிவருகிறாள். ஆளுக்கு ஏழு நாள் என்பது விதி. இளையவள் அதனை மீற மீற, மூத்தவளின் உடல் கிழடுதட்டிச் சிதைகிறது.

இப்படங்களைப் பேராசைக்கு எதிரான எச்சரிக்கை எனப் பாராட்டுவோர் உளர். இக்கருத்து முழுதும் ஏற்கத்தக்கதன்று. மருந்து பலிக்கும், விலைதான் கொடிது எனக் கூறும் கதை, விற்பவனின் கூற்றில் முற்பாதியை முன்னரே ஒப்புக்கொண்டுவிட்டது. விதியை மீறாதிருந்தால் கெடுதல் நேர்ந்திராது என்ற எண்ணத்தோடே பார்ப்பவர் எழுந்து செல்கிறார்.

மெய்வாழ்வில் நிகழ்வது வேறு. அறுபது வயதினரை இருபத்தைந்து வயதினராக்கும் இஸ்ரேல் நாட்டு இயந்திரம் தம்மிடம் உண்டெனக் கூறிக் கான்பூரில் பலரிடமிருந்து ஏறத்தாழ 35 கோடி ரூபாய் பறிக்கப்பட்டதாக 2024 அக்டோபரில் காவல்துறையிடம் புகார் எழுந்தது. அங்கே குளவியும் இல்லை, குருதியும் இல்லை. முதியோரின் சேமிப்பு கரைந்ததே மிச்சம். அற்புத மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் 1954 முதலே நம் நாட்டில் உண்டு. மருந்து விதிகளின் ஜே அட்டவணையும், இளமையை மீட்பதாக எம்மருந்தும் உரிமை கோரலாகாது என்கிறது.

நம் விருதுநகர் மாவட்டத்துச் சதுரகிரியில் காயகற்ப மூலிகைகள் உண்டென்ற நம்பிக்கை பழமையானது. சித்தர் மரபில் காயகற்பம் என்பது உணவு, மூச்சு, ஒழுக்கம் ஆகியன இணைந்த நெறி. சந்தையில் விற்கும் புட்டி அதன் பெயரை மட்டும் கடன்வாங்கிக்கொண்டது. (புட்டியில் ஒட்டும் சீட்டு, உள்ளிருப்பது எதுவாயினும், சிவகாசியில் அழகாகவே அச்சாகும்.)

எனினும், மெய்யா பொய்யா என்ற வினாவுக்கு அப்பால் மற்றொன்று உண்டு: இது யாருடைய இளமை? 1 இராஜாக்கள் முதல் அதிகாரத்தைப் பார்க்க. போர்வைகள் போர்த்தியும் சூடு காணாத தாவீதுக்கு ஊழியர் தேடிக் கொணர்ந்த மருந்து, அபிஷாக் என்னும் இளம்பெண். அவன் அனல் கொண்டானா என்று வேதம் கூறவில்லை. அவள் வாயிலிருந்து ஒரு சொல்லும் பதிவாகவில்லை. அடுத்த அதிகாரத்தில் அவளைப் பெண்கேட்ட அதோனியா கொலையுண்கிறான். அப்போதும் அவள் பேசுவதில்லை. நம் பிரசங்கங்களிலும் அவள் அதிகம் பேசப்பட்டதில்லை.

‘தி சப்ஸ்டன்ஸ்’ கலைத்திறத்தில் உயர்ந்த படமே. ஆயின், மூத்தவளும் இளையவளும் ஒருத்தியே எனக் கூறி, இவ்வினாவை அது கடந்துவிடுகிறது. அங்கே உண்பவளும் உண்ணப்படுபவளும் ஒருத்தியே. அயலார் எவரும் விலை கொடுப்பதில்லை. ‘தி லீச் உமன்’ மிகத் தாழ்ந்த படம். ஆப்பிரிக்க மக்களை அது காட்டும் விதம் கூசச் செய்கிறது. ஆயினும் ஒருவரின் இளமைக்காக மற்றொருவர் இறக்க வேண்டியுள்ளது என்பதை அது மறைக்கவில்லை.

இதனை நம் வட்டாரத்தார்க்கு விளக்க வேண்டுவதில்லை. தீப்பெட்டி ஒட்டிய சிறுவர் சிறுமியரை முன்னிட்டு எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்திற்கு மாறாக வேலைக்கு அமர்த்தப்பட்ட குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளி செலுத்த வேண்டும் என்றது அத்தீர்ப்பு.