மல்லனும் முகமூடியும்

காஞ்சி மாநகர் என்றதும் நம் நினைவில் முதற்கண் எழுவன கோயிற் கோபுரங்களும் தறியின் ஓசையுமே. அந்நகரிலிருந்து ஆண்ட பல்லவ வேந்தருள் ஒருவர் மற்போர் வீரனின் பெயரையே தம் பட்டப்பெயராகக் கொண்டிருந்தார் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. 642இல் சாளுக்கியரின் வாதாபியை வென்ற முதலாம் நரசிம்மவர்மரே அவர். 'மாமல்லன்' என்னும் அப்பெயரை மாமல்லபுரம் இன்றளவும் தாங்கி நிற்கிறது. மல்லன் என்பது இழிசொல்லாய் இருந்திருப்பின் ஒரு பேரரசர் அதனை உவந்து ஏற்றிருப்பாரோ?

அண்மையில் காஞ்சியில் நண்பர் ஒருவரின் இல்லத்தில் தங்கியிருந்தோம். அவருடைய பேரன் தன் பள்ளி நோட்டைக் கொணர்ந்து காட்டினான். தொலைக்காட்சி மல்யுத்தத்தில் மனம் தோய்ந்த அச்சிறுவன், தானே ஒரு வீரனைப் படைத்து எழுதி வைத்திருந்தான். வயது ஐம்பத்தைந்து, நெற்றியெல்லாம் தழும்பு, கையில் இரும்புச் சங்கிலி, நடுவர் சொல்லுக்கு அடங்காதவன், பேசாதவன். "பெயர் என்ன தம்பி?" என்றோம். "அப்துல்லா" என்றான். "ஏன் அந்தப் பெயர்?" என்றோம். "இந்த மாதிரி ஆளுக்கு அந்த மாதிரிப் பெயர்தானே நன்னா இருக்கும்?" என்றான். கேட்ட நாம் திகைத்தோம். அல்லாஹ்வின் அடியார் என்று பொருள்படும் திருப்பெயர், நம் வீட்டுப் பிள்ளையின் எண்ணத்திலேயே இப்படி ஒரு கோலம் கொண்டது எவ்வாறு? அந்த வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

தொழில்முறை மல்யுத்தம் என்பது போட்டி அன்று, ஒருவகைக் கூத்து. பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலாண் பார்த் 1957இல் வெளிவந்த தம் நூலில் இதனை ஆராய்ந்து, அங்கே வெற்றி தோல்வி பெரிதன்று, காண்போர்க்கு உடனே விளங்கும் அடையாளங்களே பெரிது என்று காட்டினார். 1989இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் அத்தொழிலின் பெருநிறுவனமே, தான் நடத்துவது கேளிக்கை என ஒப்புக்கொண்டது. கூத்தாயின் அதற்குப் பாத்திரங்கள் வேண்டும். பாத்திரங்கள் உண்டாயின் திறனாய்வுக்கும் அங்கே இடமுண்டு.

நம் சிறுவன் தீட்டிய அந்த முதிய முரடன் அக்கூத்தின் பழம் பாத்திரங்களுள் ஒருவன். அவனுக்கு மூலவர் எனப் பலராலும் கருதப்படுபவர் 'தி ஷேக்' என்ற பெயரில் மேடையேறிய எட் ஃபர்ஹத். 1926இல் மிச்சிகன் மாநிலத்து லான்சிங் நகரில், லெபனானிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர். மேடையிலோ அவர் சிரியாவிலிருந்து வந்த காட்டு மனிதர். ஆங்கிலம் அறியாதவர்போல் உறுமுவார். எதிரியின் முகத்தில் தீ வீசுவார். மறைத்து வைத்த பென்சிலால் கிழிப்பார். இவற்றுக்கெல்லாம் முன்பாகத் தொழுகை விரிப்பை விரித்து மண்டியிடுவார்! கனடாவின் வின்ட்சர் நகரில் 1941இல் பிறந்த லாரி ஷ்ரீவ் என்பவரோ சூடான் நாட்டுப் பித்தராக வேடம் புனைந்து, 'கசாப்புக்கார அப்துல்லா' எனப் பொருள்படும் பெயரில் உலகெங்கும் வலம்வந்தார். முட்கரண்டி அவர் கைக்கருவி.

நடுநிலை தவறாது நோக்குவோம். இவ்விருவரின் கலைத்திறனை நாம் மறுக்கவில்லை. பேசாமலே ஓர் அரங்கத்தை நடுங்கச் செய்வது எளிய செயலன்று. அவர்தம் நெற்றித் தழும்புகள் ஒப்பனையல்ல. மெய்யாகவே பலகால் கீறப்பட்டவை. 1992இல் ஜப்பானில், நெருப்புச் சூழ்ந்த மேடையில் நடந்த போட்டியில் எட் ஃபர்ஹத் கடுந் தீக்காயம் அடைந்தபோது அவருக்கு வயது அறுபத்தைந்து. பொய்க் கூத்தில் மெய்யான உடல் வெந்தது. மேலும், முஸ்லிம்கள் மட்டுமே அங்கு இழிவுபடுத்தப்பட்டனர் என்பதும் சரியன்று. ஜெர்மானியர், ஜப்பானியர், ரஷ்யர் எனக் காலத்துக்கேற்பப் பகைநாட்டவர் பலரும் தீயோராக்கப்பட்டனர்.

எனினும் கலை நோக்கிலேயே இப்பாத்திரங்களில் ஒரு பெருங்குறை உண்டு. காஞ்சிப் பட்டை எடுத்துக்கொள்வோம். அதன் சிறப்பு கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓட, நெய்பவரும் துணையாளும் சேர்ந்து ஒவ்வோர் ஊடிழையிலும் உடலையும் கரையையும் பூட்டிப் பூட்டி நெய்வர். கரையை வேறாக நெய்து பின்னர் ஒட்டுவதில்லை. 'ஷேக்' பாத்திரத்திலோ உடல் ஒருபுறம், கரை ஒருபுறம். அவருடைய வெறிக்கும் அந்தத் தொழுகை விரிப்புக்கும் என்ன தொடர்பு? எதுவுமில்லை. அச்சமூட்ட எளிதாய்க் கிடைத்த ஒரு துணித்துண்டு, அவ்வளவே. தொழுபவர் ஏன் தொழுகிறார் என்பதை அப்பாத்திரத்தைப் படைத்தவர் ஒருகணமேனும் சிந்தித்ததாய்த் தெரியவில்லை. தைத்து ஒட்டிய கரை அது.

நம் மொழியில் மற்போர் எவ்வாறு புனையப்பட்டது? புறநானூற்றில் சாத்தந்தையார் ஆமூர் மல்லனைப் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி வீழ்த்திய போரைப் பாடுகிறார். புலவர் பிடிகளை மட்டும் வருணித்து நின்றுவிடவில்லை. மகனோடு பகைத்த தந்தை தித்தன், உவந்தாலும் உவவாவிடினும் இதனைக் காண வேண்டும் என்று விழைகிறார். அந்த ஒரு விழைவால் இருவர் மோதல் ஒரு குடும்பத்தின் கதையாகிவிடுகிறது. யார் பார்க்க ஒருவன் போரிடுகிறான் என்ற வினா எழாத இடத்தில் பாத்திரம் பிறப்பதில்லை.

நம் காலத்துச் சான்று ஒன்றும் உண்டு. அது மல்யுத்தமன்று, குத்துச்சண்டை; எனினும் பொருந்தும். 2021இல் பா. இரஞ்சித் இயக்கத்தில் வெளிவந்த 'சார்பட்டா பரம்பரை' வடசென்னையின் குத்துச்சண்டைப் பரம்பரைகளை நெருக்கடிநிலைக் காலப் பின்னணியில் காட்டியது. அதில் பசுபதி ஏற்ற ரங்கன் வாத்தியாரும், கடற்கரையில் கபிலனை மீட்டெடுக்கும் பீடி ராயப்பனும் முதியோர். அவர்தம் வலிமை அடிப்பதில் இல்லை. எப்போது அடிக்கக் கூடாது என்பதை அறிந்திருப்பதில் உள்ளது. கபிலனின் தந்தையும் குத்துச்சண்டை வீரரே. கை வலிமை ரவுடித்தனத்தில் இறங்கியதால் மாண்டவர். ஆகவேதான் தாய் பாக்கியம் மகனைத் தடுக்கிறாள். அந்தத் தாயின் அச்சம் ஒவ்வொரு குத்தின் பின்னும் நிற்கிறது. படத்தின் பிற்பகுதி சற்றே நீள்கிறது என்பது நம் கருத்து. ஆயினும் முதியோர் பாத்திரங்களில் கோர்வை பிசகவில்லை.

வலிமைக்கு நம் மார்க்கம் தந்த அளவுகோலும் இதுவே. மற்களத்தில் பிறரை வீழ்த்துபவரைவிடச் சினம் மூண்ட வேளையில் தம்மை அடக்குபவரையே வலியவர் எனச் சொல்லும் நபிமொழியை நம் வாசகர் அறிவர். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் அது இடம்பெற்றுள்ளது. இதனை அறிவுரையாக மட்டும் கொள்ளாது, கதை எழுதுவோர் ஓர் இலக்கணமாகவும் கொள்ளலாம். அடக்க முடிந்தவன் அடக்காமற் போகும் கணத்திலும், அடக்கமாட்டான் என்று எண்ணப்பட்டவன் அடக்கிக்கொள்ளும் கணத்திலுமே கதை உண்டாகிறது. ஓயாது உறுமுபவனிடம் அத்தகைய கணம் ஏது?

அச்சிறுவனிடம் பெயரை மாற்றுமாறு நாம் சொல்லவில்லை. பெயரை ஒளித்துக்கொள்வது தோல்வியை ஒப்புக்கொள்வதாகும். "அந்த அப்துல்லாவுக்கு ஐம்பத்தைந்து வயதாகிறதே, வீட்டில் யார் இருக்கிறார்கள்? ஒவ்வொரு தழும்பும் எங்கே, யாருக்காகப் பட்டது? உடல் தளர்ந்த பின்னும் ஏன் மேடைக்கு வருகிறார்? முதல் வரிசையில் அமர்ந்து பார்ப்பவர் யார்? இவற்றையும் எழுது" என்றோம். நெடுநேரம் யோசித்தான். பிறகு சங்கிலியை அடித்துவிட்டு, முதல் வரிசையில் ஒரு பேத்தியை உட்கார வைத்தான்.

மேடையிலும் திரையிலும் நம் பெயர்களைப் பிறர் அணிவிக்கும் முகமூடிகளாகக் கண்டு வருந்துகிறோம். வருத்தம் நியாயமே. ஆனால் கண்டன அறிக்கைகளால் மட்டும் முகமூடி கழன்றுவிடாது. அப்பெயர் தாங்கிய முழு மனிதரை நாமே எழுத வேண்டும். அவருள் நல்லவரும் இருக்கட்டும், முரடரும் இருக்கட்டும். கரையும் உடலும் ஓரிழையாய்ப் பூட்டப்பட்டிருத்தல் ஒன்றே நாம் வேண்டுவது.