ஏடு சொல்லும் பௌத்தம், கல் சொல்லும் பௌத்தம்

1837-ல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்த கதை பலருக்கும் தெரிந்ததுதான். சாஞ்சி ஸ்தூபியின் சுற்றுவேலிக் கற்களில் சின்னச் சின்ன வரிகள். பெரும்பாலானவை ஒரே இரண்டு எழுத்தில் முடிகின்றன. அது 'தானம்' என்றுதான் இருக்கணும் என்று ஊகித்தார். மற்ற எழுத்துகளும் பிடிபடத் தொடங்கின. கதை வழக்கமாக இங்கிருந்து அசோகருக்குத் தாவிவிடும். அந்தத் தானத்தைக் கொடுத்தது யார் என்று நின்று கேட்டவர்கள் குறைவு.

கிரிகோரி ஷோபன் கேட்டார். இந்திய பௌத்த ஆய்வின் புராட்டஸ்டண்ட் முன்முடிவுகள் பற்றி 1991-ல் அவர் எழுதிய கட்டுரையை மறுபடி எடுத்துப் படித்தேன். முப்பது வருஷம் தாண்டியும் காரம் குறையவில்லை. ஆனால் இந்த முறை சில இடங்கள் நெருடின.

அவர் வாதம் எளிது. ஏடும் கல்வெட்டும் முரண்பட்டால் ஆய்வாளர்கள் யோசிக்காமல் ஏட்டின் பக்கம் நின்றார்கள். துறவி பொன் வெள்ளியைத் தொடக்கூடாது என்கிறது விநயம். சாஞ்சியிலும் பர்ஹுத்திலும் தானம் கொடுத்தவர்களில் கணிசமானோர் பிக்குகள், பிக்குணிகள். கையில் காசில்லாதவர் கல்தூண் எப்படிக் கொடுப்பார்? பிச்சை எடுத்துச் சேர்த்திருப்பார்கள் என்று விளக்கம் சொன்னார் பூலர். கல்வெட்டில் அப்படி ஒரு வார்த்தை இல்லை. விநயம் பொய்யாகிவிடக் கூடாதே என்பதற்காகச் சேர்த்த பிச்சை அது!

இன்னொரு உதாரணம். பெற்றோரின் நலனுக்காகப் புண்ணியம் செய்வது சீனாவுக்குப் போனபிறகு பௌத்தத்தில் ஒட்டிக்கொண்டது என்று ரொம்ப நாள் சொல்லிவந்தார்கள். இந்தியக் கல்வெட்டுகளில் துறவிகளே தாய் தந்தைக்காகத் தானம் செய்திருப்பதை ஷோபன் எடுத்துக் காட்டினார். வீட்டைத் துறந்தவர்கள் அம்மா அப்பாவைத் துறக்கவில்லை.

இந்த ஏட்டுப் பற்று எங்கிருந்து வந்தது? உண்மையான மதம் வேதப் புத்தகத்தில்தான் இருக்கிறது, எலும்பிலும் கல்லிலும் இல்லை என்ற புராட்டஸ்டண்ட் மனப்பான்மையிலிருந்து என்கிறார். ஓரளவு சரிதான். ஹாட்ஜ்சன் நேபாளத்திலிருந்து அனுப்பிய சுவடிகளை வைத்து, இந்தியாவுக்கே வராமல், 1844-ல் பர்னூஃப் பாரிஸில் இந்திய பௌத்த வரலாறு எழுதினார். 1881-ல் ரீஸ் டேவிட்ஸ் லண்டனில் பாலி நூல் கழகம் தொடங்கினார்.

முதல் நெருடல் இங்கேதான். ரீஸ் டேவிட்ஸ் பாலி கற்றது இலங்கையில், ஒரு பிக்குவிடம். ஏட்டை உயர்த்திப் பிடிக்கும் பழக்கம் அங்கே படித்த துறவிகளிடமும் இருந்தது. சார்ல்ஸ் ஹாலிசி 1995-ல் இதைத்தான் சுட்டினார்: ஐரோப்பியர் எல்லாவற்றையும் தாங்களே கற்பனை செய்துவிடவில்லை, உள்ளூர் அறிஞர்களிடமிருந்தும் எடுத்துக்கொண்டார்கள். பழியை முழுக்க லூதர் தலையில் போடுவது, பௌத்தர்களுக்கென்று சொந்தப் புத்தி கிடையாது என்று சொல்வதாகவும் ஆகிவிடும்.

அப்புறம், ஷோபனே பிற்காலத்தில் பெரும்பாலும் எழுதியது மூலசர்வாஸ்திவாத விநயத்தை வைத்து. அதுவும் ஏடுதானே! ஆனால் அவர் அதைப் படிக்கும் விதம் வேறு. செத்துப்போன பிக்குவின் சொத்து யாருக்கு, கடனை யார் அடைப்பது என்று விதி இருந்தால், சொத்தும் கடனும் இருந்திருக்கிறது என்று பொருள். கட்டளையாகப் படிக்காமல், பஞ்சாயத்து வழக்காகப் படிக்கிறார். அப்படியானால் ஏடா கல்லா என்ற எதிர்நிலையே அவ்வளவு முக்கியமில்லை. 1991 கட்டுரை அதை ஊதிப் பெரிதாக்கிவிட்டது.

கல்லும் எல்லோர் பேரையும் சொல்லாது. கொடுக்க முடிந்தவர்களை மட்டும் சொல்லும். அந்தக் கல்லைச் சுமந்தவர் அதில் இல்லை. இதை ஷோபன் போதுமான அளவு கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

இது வெறும் அறிஞர் சண்டை இல்லை. தேரவாதத்தில் பிக்குணிகளுக்கு முழுத் துறவு கொடுக்கலாமா என்று இன்றும் வாதம் நடக்கிறது. பரம்பரை அறுந்துபோச்சு, இரு சங்கமும் சேர்ந்துதான் தரணும், அதனால் முடியாது என்கிறது ஒரு தரப்பு. 1998-ல் புத்தகயாவில் இலங்கைப் பெண்கள் பலர் துறவு பெற்ற பின்னும் அந்தப் பேச்சு ஓயவில்லை. ஏற்பவர்களும் மறுப்பவர்களும் திறந்து காட்டுவது விநயத்தைத்தான். சாஞ்சி வேலியில் தங்கள் பெயரையே வெட்டிவைத்த பிக்குணிகளை யாரும் சாட்சிக்குக் கூப்பிடுவதில்லை.