அச்சேறிய கொச்சை: அமெரிக்கச் சிற்றூர்ப் பத்திரிகைகளை முன்வைத்து

ஒரு சொல் எப்போது பிறந்தது என்று கேட்டால் அகராதிக்காரர்கள் ஒரு தேதியைச் சொல்கிறார்கள். அது அச்சில் முதன்முதலாக அகப்பட்ட தேதி. இன்ன ஆண்டு, இன்ன பத்திரிகை என்று ஆதாரம் காட்டிவிட்டால் விவகாரம் முடிந்தது. ஸ்லாங் எனப்படும் கொச்சை வழக்குக்கும் இதே கணக்குதான். வாயிலேயே பிறந்து வாயிலேயே கிடந்த ஒன்றுக்கு அச்சு எப்படிப் பிறப்புச் சான்றிதழ் தரமுடியும், அதில் கையெழுத்துப் போடுகிற தாசில்தார் யார் என்பது என் கேள்வி. (வழக்கு என்பதே உயர்ந்தோரைச் சார்ந்தது என்று தொல்காப்பிய மரபியலில் படித்து எம்.ஏ. தேறியவன் நான். இந்தச் சந்தேகம் வராமலிருந்தால்தான் ஆச்சரியம்.)

முதலில் அந்த ஆராய்ச்சியின் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். 'தி ஹோல் நைன் யார்ட்ஸ்' என்று ஒரு அமெரிக்க வழக்கு. ஒன்பது கஜமும் என்றால் ஒண்ணு விடாமல் எல்லாமும் என்று பொருள். இதற்குச் சொல்லப்பட்ட கதைகளுக்குக் குறைவில்லை. இரண்டாம் உலகப்போர் விமானத்தின் இயந்திரத் துப்பாக்கியில் தோட்டாவார் இருபத்தேழு அடி நீளம், அதாவது ஒன்பது கஜம், அதைச் சுட்டுத் தீர்த்தவர்கள் சொன்னது என்பது பிரபலமான கதை. சிமெண்ட் கலவை லாரியில் கொண்டுபோய் நிறுத்தியவர்கள் உண்டு. நம்மூர் ஒன்பது கஜப் புடவை வரைக்கும் வந்தவர்களும் உண்டு. எல்லாம் வீரம், தொழில், மரபு என்று ஏதாவதொரு பெருங்கதையாடலில் கொண்டுபோய்ச் சொருகும் வேலைதான்.

இந்தக் கதைகளைச் சாய்த்தவை இரண்டு சின்ன ஊர்ப் பத்திரிகைகள். கென்டக்கியின் மவுண்ட் வெர்னன் என்ற ஊரிலிருந்து வந்த 'சிக்னல்' 1912இல் இரண்டு முறை இதை எழுதியிருக்கிறது; ஆனால் அங்கே ஒன்பது கஜமில்லை, ஆறு கஜம். இந்தியானாவின் மிட்செல் ஊரில் 1907இலும் 1908இலும் 'மிட்செல் கமர்ஷியல்' ஒன்பது கஜம் என்கிறது. உள்ளூர் ஆள் ஒருத்தர் மீன் பிடிக்கப் போய்விட்டுப் பெரிய கதையோடு திரும்பியிருக்கிறார், அகப்பட்டவனிடம் ஒன்பது கஜத்தையும் அவிழ்த்துவிடப் போகிறார் என்று கிண்டல். முதல் உலகப்போரே வராத காலம். ஆறா ஒன்பதா என்பதே அந்த ஜனங்களுக்கு ஒரு பொருட்டில்லை. அளக்கப்பட்டது தோட்டாவுமில்லை துணியுமில்லை, வம்பு. கதையளக்கிறான் என்று நாம் சொல்வதில்லையா, அதுமாதிரி.

இதெல்லாம் தெரியவந்ததற்குக் காரணம், பழைய பத்திரிகைகளை வருடி எண்மவடிவில் ஏற்றியது. 2007இல் காங்கிரஸ் நூலகம் திறந்த 'கிரானிக்ளிங் அமெரிக்கா' தொகுப்பில் மட்டும் இன்று 2 கோடிப் பக்கங்களுக்கு மேல் இருக்கின்றன. யேல் பல்கலைக்கழகத்தின் பிரெட் ஷபிரோ போன்ற நூலகர்களும், சம்பளமில்லாமல் இதையே நோன்பாகச் செய்கிறவர்களும் தேடித்தேடிக் கண்டெடுத்தார்கள். அவர்கள் ஜாக்கிரதையாக 'இதுவரை தெரிந்ததில் முந்தியது' என்றுதான் எழுதுகிறார்கள். அதை வாங்கி மறுபடி சொல்கிறவர்கள்தான் 'பிறந்த இடம்' என்று மாற்றிவிடுகிறார்கள்.

ஆனால் சிற்றூர்ப் பத்திரிகை என்றாலே சிற்றூரின் குரல் என்று நம்புவதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. 1861இல் உள்நாட்டுப் போர் வந்தபோது விஸ்கான்சினின் பாராபூ என்ற ஊரில் பத்திரிகை நடத்திவந்த ஏ.என். கெல்லாக்கிடம் அச்சுக்கோர்க்க ஆளில்லை, படைக்குப் போய்விட்டார்கள். அவர் மாடிசன் நகரத்துப் பத்திரிகையிடமிருந்து ஒரு பக்கம் அச்சான தாள்களை வரவழைத்து, மறுபக்கத்தில் உள்ளூர்ச் செய்தியை அடித்துக்கொண்டார். போர் முடிந்ததும் சிகாகோவில் இதையே வியாபாரமாக்கினார். பிறகு வார்ப்புத் தகடுகளாகவே ரயிலில் அனுப்பினார்கள். 'பாய்லர் பிளேட்' என்று அதற்குப் பேர். இன்று எந்த ஒப்பந்தத்திலும் மாறாமல் வருகிற தேய்ந்த வாசகத்துக்கு அந்தப் பெயரே நின்றுவிட்டது. ஆக, நூற்றுக்கணக்கான ஊர்களின் பத்திரிகைகள் உள்ளே ஒரே சரக்கு. ஜார்ஜ் ஏட் சிகாகோப் பத்திரிகையில் எழுதி 1899இல் 'ஃபேபிள்ஸ் இன் ஸ்லாங்' என்று நூலாக்கிய பாணியும் இப்படித்தான் ஊர் ஊராகப் போனது. கொச்சைகூட மொத்த வியாபாரத்தில் வந்து இறங்கியிருக்கிறது. எனவே ஒரே தாளை இரண்டு பிரதிகளாக வாசிக்க வேண்டியிருக்கிறது: தகடு பேசுவது ஒன்று, 'இன்னார் மீன் பிடிக்கப் போனார்' என்ற உள்ளூர்ப் பத்தி பேசுவது இன்னொன்று. ஆறு கஜமும் ஒன்பது கஜமும் இரண்டாவதில்தான் கிடைத்தன.

அந்த உள்ளூர்ப் பத்தியிலும் எல்லோரும் வந்துவிடுவதில்லை. நியூயார்க்குக்கு 'பிக் ஆப்பிள்' என்ற பேரை 1920களில் 'மார்னிங் டெலகிராஃப்' பத்திரிகையில் பரப்பியவர் குதிரைப்பந்தய நிருபர் ஜான் ஃபிட்ஸ் ஜெரால்டு. நியூ ஓர்லியன்ஸில் லாயத்தில் வேலைபார்த்த இரண்டு கறுப்பர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுத்தான் எடுத்தேன் என்று 1924இல் அவரே எழுதியிருக்கிறார். அவர்களின் நிறத்தை எழுதினார், பெயரை எழுதவில்லை. 1997இல் அவர் குடியிருந்த மன்ஹாட்டன் தெருமூலைக்கு 'பிக் ஆப்பிள் கார்னர்' என்று நகராட்சி பேர் சூட்டியது. கேட்டவருக்குத் தெருமூலை. சொன்னவர்களுக்கு? பாரி பாப்பிக்கும் ஜெரால்டு கோஹனும் பல வருஷம் தேடி இந்த வரலாற்றை வெளிக்கொண்டு வராவிட்டால் அந்த இருவரும் இருந்ததுகூடத் தெரிந்திருக்காது. ஆவணம் பேசுகிறது என்கிறோம். பேனா வைத்திருந்தவன் கேட்ட அளவுக்குத்தான் அது பேசுகிறது.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது 'ஜே' என்ற சொல். நீலச்சிறகுள்ள, சத்தம்போடுகிற ஒரு பறவையின் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டு நகரத்துக் கொச்சையில் இது விவரம் கெட்ட பட்டிக்காட்டானைக் குறித்தது. ஊர் ஊராகப் போன நாடகக்காரர்கள் சின்ன ஊர்களை 'ஜே டவுன்' என்று இளக்காரமாகச் சொன்னார்கள். அப்படி ஏளனத்துக்கு ஆளான கான்சாஸ் மாநிலத்துச் சின்ன ஊர்களில் ஒன்றான ஜங்ஷன் சிட்டியின் பத்திரிகை, 1905இல் இதே சொல்லை எடுத்து வீசுகிறது: 'ஜே டிரைவர்'. சாலையில் தப்பான பக்கம் வண்டி ஓட்டுகிறவன். வசவு வாங்கியவனே அதை அடுத்தவன் தலையில் கட்டுவது நமக்குத் தெரியாத விஷயமா என்ன. அதே வருஷம் கான்சாஸ் சிட்டியில் நடைபாதையில் இடித்துக்கொண்டு போகிறவனுக்கு 'ஜே வாக்கர்' என்று பேர் கிடைத்தது.

கவனியுங்கள், ஓட்டுகிறவன், நடக்கிறவன் இருவருமே ஜே. பிறகு கார்கள் பெருகின, ஜனங்கள் செத்தார்கள். 1923இல் சின்சினாட்டியில் கார்கள் இருபத்தைந்து மைலுக்கு மேல் போகாதபடி கருவி பூட்டவேண்டும் என்று 42,000 பேர் கையெழுத்திட்டார்கள். மோட்டார் வியாபாரிகள் மிரண்டுபோய்ப் பிரச்சாரத்தில் இறங்கி அதைத் தோற்கடித்தார்கள். விபத்துக்குப் பழி யார்மேல் என்ற சொல்லாடலையே திருப்பிப்போட்டார்கள். 1925இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பாதசாரிகளைக் கட்டுப்படுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. இந்த வரலாற்றைப் பீட்டர் நார்ட்டன் 2008இல் வந்த 'ஃபைட்டிங் டிராஃபிக்' நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். தெருவில் விளையாடியவன், நின்று பேசியவன், கூடை வைத்து விற்றவன் எல்லாம் ஒரே நாளில் ஜே ஆனான். ஓட்டுகிறவனோ அந்தப் பட்டத்திலிருந்து நைசாகக் கழன்றுகொண்டான். 'ஜே டிரைவர்' வழக்கொழிந்தது. சொற்கள் தானாகத் தேய்ந்து சாகும் என்று மொழியியல் வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள். இது தானாகச் சாகவில்லை. கார் வாங்கக் காசிருந்தவன் வசவிலிருந்து விலக்குப் பெற்றான், அவ்வளவுதான்.

மிசூரியின் ஃபெர்குசனில் 2014இல் பதினெட்டு வயது மைக்கேல் பிரவுனைப் போலீஸ்காரர் முதலில் மறித்தது நடுத்தெருவில் நடந்ததற்காக. சுட்டுக்கொன்றதில் முடிந்தது. மறு வருஷம் அமெரிக்க நீதித்துறை வெளியிட்ட அறிக்கை, அந்த ஊரில் 2011க்கும் 2013க்கும் இடையே 'சாலையில் நடக்கும் விதம்' என்ற பிரிவில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் 95 சதவீதம் கறுப்பர்கள் என்றது. ஊர் ஜனத்தொகையில் அவர்கள் 67 சதவீதம். சட்டப் புத்தகத்தில் 'ஜே' என்ற கொச்சை இல்லை, கண்ணியமான பெயர்தான் இருந்தது.

நியூயார்க்கில் 2023இல் இந்தக் குற்றத்துக்குத் தரப்பட்ட சீட்டுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கறுப்பர்களுக்கும் லத்தீன் மக்களுக்கும் போயிற்று. 2024 அக்டோபரில் அந்நகரம் இதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. சந்தோஷமாகச் செய்தி போட்டவர்களும் ஜேவாக்கிங் என்றே எழுதினார்கள்.