நோயாளரின் விடையும் பயன்பாட்டு எண்ணும்: ஒரு விமர்சனக் குறிப்பு

வினாக்கொத்துக்களுக்கு நோயாளர் அளிக்கும் விடைகளைச் சுகாதாரப் பயன்பாட்டு எண்ணாக மாற்றும் ஆய்வுகள் அண்மைத் தசாப்தங்களிற் பெருகியுள்ளன. பூரண சுகத்தை 1 எனவும் மரணத்தை 0 எனவும் கொள்ளும் இவ்வெண், வாழும் ஆண்டுகளாற் பெருக்கப்பட்டு, ஒரு மருந்துக்குப் பொதுப்பணத்தைச் செலவிடலாமா என்னும் தீர்மானத்திற் பங்குகொள்கின்றது. ஆகவே இது புள்ளிவிபரவியலாளரின் அக்கறை மட்டுமன்று.

ஜோன் பிறேசியரும் சகாக்களும் 2010இல் வெளியிட்ட மீளாய்வு இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. 30 ஆய்வுகளிற் காணப்பட்ட 119 மாதிரிகளை ஒப்புநோக்கிய அது, அவற்றின் எதிர்வுகூறும் ஆற்றல் சீரானதன்று என்பதை மறைக்கவில்லை. கடும் நோய்நிலையினருக்குச் சமன்பாடுகள் உள்ளதிலும் உயர்ந்த எண்ணை வழங்கும் போக்கு இத்துறையிற் பலராலும் அவதானிக்கப்பட்டுள்ளது. இதன் பொருள் யாது? மிகுதியாகத் துன்புறுவோரின் துன்பமே மிகுதியாகக் குறைத்தெழுதப்படுகின்றது என்பதே.

இத்தகைய ஆய்வுகள் பெரும்பாலும் கேளாத வினா ஒன்றுண்டு. இவ்வெண் யாருடையது? ஈ.கியூ.-5டி என்னும் கருவி நடமாட்டம், தற்பராமரிப்பு, வழமையான செயல்கள், வலி, மனப்பதற்றம் ஆகிய ஐந்து கூறுகளையும் மும்மூன்று நிலைகளாகப் பகுத்து 243 நோய்நிலைகளை வகுத்தது. 1993இல் பிரித்தானியப் பொதுமக்கள் ஏறத்தாழ 3,000 பேரிடம், சுகத்துக்காக ஆயுளில் எத்தனை ஆண்டுகளை விட்டுக்கொடுப்பீர் என வினவி, சில நிலைகளுக்கு மதிப்புப் பெறப்பட்டது. எஞ்சியவை சமன்பாட்டாற் கணிக்கப்பட்டன. மிகக் கொடிய நிலைக்குக் கிடைத்த எண் -0.594. நோயாளர் தம் நிலையைக் கூறுகின்றார். அதற்கு விலை குறிப்போர் பிறர். வேறொரு வினாக்கொத்திலிருந்து இவ்வெண்ணை வருவிக்கும்போது அனுமானத்தின்மீது அனுமானம் ஏற்றப்படுகின்றது.

இம்மாற்றத்தில் இழக்கப்படுவது யாது என்பதற்குப் புற்றுநோயாளருக்கான கியூ.எல்.கியூ.-சி30 தக்க சான்றாகும். அதன் 30 வினாக்களுள் சோர்வும் பசியின்மையும் மட்டுமன்றி, நோயால் நேர்ந்த பணக்கஷ்டமும் இடம்பெறுகின்றது. ஈ.கியூ.-5டியின் ஐந்து கூறுகளுள் பணக்கஷ்டத்துக்கு இடமில்லை. கூலியிழந்த தொழிலாளியும் சேமிப்புள்ள செல்வரும் ஏனைய விடைகளில் ஒத்திருப்பின் ஒரே எண்ணையே பெறுவர். நோயின் வர்க்க உள்ளடக்கம் இவ்வாறே உதிர்ந்துபோகின்றது. பயன்பாடு எனப் பெயர் பெற்றிருப்பினும், பல்வேறு துன்பங்களையும் ஒன்றற்கொன்று ஈடாக்கும் இவ்வெண் பரிவர்த்தனை மதிப்பின் தொழிலையே ஆற்றுகின்றது.

இதனால் எண்ணிடுதலையே நிராகரித்தல் வேண்டும் என்பது எமது கருத்தன்று. கணக்கற்ற இடத்தில் வறியோர் முந்துவதில்லை; பணமும் செல்வாக்குமே முந்துகின்றன. பொதுச் சுகாதார சேவைக்கு ஒப்பீடு இன்றியமையாதது. ஆயின் மருத்துவப் பரிசோதனையின் தொடக்கத்திலேயே உரிய வினாக்கொத்தைச் சேர்த்துக்கொள்ளாது, பின்னர் சமன்பாட்டால் ஈடுசெய்வது இரண்டாந்தரமான வழியேயாகும். தவிர்க்கவியலாதவிடத்து, வழுவின் அளவையும் அது யாரைப் பாதிக்கின்றது என்பதையும் ஆய்வாளர் வெளிப்படையாகக் கூறக் கடமைப்பட்டவர். மாதிரியின் பொருத்தம் சராசரியில் அன்றி, மிக நலிந்தோரின் நிலையிலேயே சோதிக்கப்படுதல் வேண்டும்.