கிளாட் மெக்கே கவிதைகளில் ஊரும் நகரமும்

கிளாட் மெக்கே, ஜமைக்காவின் கிளாரண்டன் பகுதியில் உழவர் குடும்பத்தில் பிறந்த கவிஞர். ஹார்லெம் மறுமலர்ச்சியின் முன்னோடிகளுள் ஒருவர். 1912இல் படிப்பதற்காக அமெரிக்கா சென்ற அவர், 1914இல் நியூயார்க்கில் குடியேறி, ரயில் உணவுப் பெட்டியில் பரிமாறும் வேலையும் பார்த்தார். 1948இல் சிகாகோவில் இறக்கும்வரை தாய்நாடு திரும்பவில்லை.

கடைக் கண்ணாடியில் தெரியும் ஊர்

'நியூயார்க்கில் வெப்பமண்டலம்' பன்னிரண்டே வரிகள் கொண்ட கவிதை. கடைச் சன்னலில் வாழைப்பழம், இஞ்சி, கொக்கோ, மாம்பழம் ஆகியவை அடுக்கப்பட்டுள்ளன. முதல் பகுதி பெரும்பாலும் இந்தப் பட்டியல்தான். அடுத்து ஊரின் மரங்களும் ஓடைகளும் வானமும் நினைவுக்கு வருகின்றன. இறுதியில், பார்ப்பவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறார். அவரைப் போலவே பழங்களும் கடல் கடந்து வந்தவை. ஆனால் நகரம் அவற்றை விலை கொடுத்து வரவேற்கிறது. இந்த முரணைச் சொல்லாமல் உணர்த்துவதே கவிதையின் வலிமை.

விடுபட்ட உழைப்பு

எனினும் இக்கவிதை காட்டும் ஊர் முழுமையானதன்று. 1912இல் வெளிவந்த 'ஜமைக்காவின் பாடல்கள்' தொகுப்பில் மெக்கே நாட்டுப்புறப் பேச்சுமொழியில் எழுதினார். அதன் ஒரு கவிதையில், கிழங்கின் இனிப்பைப் புகழ்ந்துவிட்டு அடிமாட்டு விலைக்குக் கேட்கும் வெள்ளையரிடம், அதை விளைவிக்கப் பட்ட பாட்டை உழவர் எடுத்துச் சொல்கிறார். நியூயார்க் கவிதையின் பழங்களில் அந்த வியர்வை இல்லை, பேச்சுமொழியும் இல்லை. தொலைவு கூடக்கூட ஊர் இனிமையாகிவிட்டது. ஏக்கம் பொய்யன்று, ஆனால் அது வசதியான பகுதியை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறது.

நகரில் கிடைத்த உறவு

'அமெரிக்கா' (1921) என்னும் பதினான்கு வரிக் கவிதையில், தனக்குக் கசப்பை ஊட்டும் நாட்டிலிருந்தே தன் குருதிக்கு வலிமை கிடைப்பதாக மெக்கே ஒப்புக்கொள்கிறார். இதைவிட நுட்பமானது 'ஹார்லெம் நடனக்காரி' (1917). கூட்டம் அவளைக் கண்களால் விழுங்கிக் காசு வீசுகிறது. கவிஞரோ, அவளுடைய உயிர் அந்த இடத்தில் இல்லை என்பதைக் கண்டுகொள்கிறார். வேரற்ற ஒருவரே வேரற்ற இன்னொருவரை அப்படி அடையாளம் காண முடியும்.

மதிப்பீடு

பழக்கடைக் கவிதையே பெரிதும் பேசப்படுகிறது. ஆனால் அதில் கவிஞர் தம் கண்ணீரோடு தனியே நிற்கிறார். நடனக்காரியைப் பாடும்போது அவர் பார்வை பிறர் துயரம்வரை செல்கிறது. மெக்கே தேடிய வீடு, ஊர் நினைவைவிட அந்தப் பார்வையில்தான் கூடுதலாகத் தென்படுகிறது. 1937இல் அவர் வெளியிட்ட தன்வரலாற்றின் தலைப்போ 'வீட்டிலிருந்து வெகுதொலைவில்' என்று பொருள்படுவது. தேடல் அப்போதும் முடிந்திருக்கவில்லை.