யாரும் ஓதாத வேதம்

புதுச்சேரி ஜென்மராக்கினி மாதா கோவிலில் ஒரு கல்யாணம். முதல் வாசகம் தோபித்து நூலிலிருந்து. பக்கத்தில் இருந்த சி.எஸ்.ஐ. நண்பன் மெதுவாகக் கேட்டான்: "இது எந்த புக்குடா? எங்க பைபிள்ல இல்லையே." இல்லைதான். அவனுடையதில் 66 நூல்கள், எங்களுடையதில் 73. "அப்போ யார்தான் இதை முடிவு பண்ணாங்க?"

'டாவின்சி கோட்' படித்தவர்கள் கான்ஸ்டன்டைனைக் கைகாட்டுவார்கள். ஆனால் 325இல் கூடிய நிசேயா சங்கம் அப்படி எந்தப் பட்டியலையும் போடவில்லை. இன்றைய புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் கூடாமல் குறையாமல் முதலில் தென்படுவது அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் 367இல் எழுதிய கடிதத்தில். அவற்றில் பெரும்பாலானவை அதற்கு வெகுகாலம் முன்பே சபைகளில் வாசிக்கப்பட்டு வந்தவை.

அப்போஸ்தலர் காலத்தைச் சேர்ந்ததா, விசுவாசத்தோடு ஒத்துப்போகிறதா, சபைகள் வாசிக்கின்றனவா? சுற்றிச்சுற்றி இந்த மூன்று கேள்விகள்தான். எபிரேயருக்கு எழுதிய கடிதத்தின் ஆசிரியர் யார் என்று அன்றே சந்தேகம் இருந்தது. ஆனாலும் உள்ளே வந்தது. ஹெர்மாசின் 'மேய்ப்பர்' பலர் விரும்பிப் படித்த நூல். பிற்காலத்தது என்பதால் வெளியே நின்றது. ஆக, வாசிப்பு மட்டும் போதவில்லை. ஆனால் வாசிப்பவர்களே இல்லாத நூல் எதுவும் உள்ளே வரவுமில்லை.

இதற்கு எதிர்ச்சாட்சி நம்ம ஊர் சம்பந்தப்பட்ட 'எசூர் வேதம்'. இந்தியாவிலிருந்து திரும்பிய பிரெஞ்சுக்காரர் ஒருவர் வழியாக 1760இல் வோல்தேர் கைக்குப் போனது. பைபிளைவிடப் பழைய ஞானம் கிடைத்துவிட்டது என்று பூரித்து, பிரெஞ்சு அரச நூலகத்துக்கே கொடுத்தார். 1778இல் அச்சேறியது. 1782இல் சொன்னெரா, இது வேதமில்லை, மிஷனரி கைவேலை என்றார். பிறகு திருக்குறளுக்கு உரை எழுதினாரே, அதே எல்லிஸ், புதுச்சேரி மிஷனில் இருந்த கையெழுத்துப் படிகளை ஆராய்ந்தார். அந்தக் கட்டுரை அவர் இறந்தபின் 1822இல் வெளிவந்தது. வேடிக்கை என்னவென்றால், இந்துக்களைத் திருச்சபைப் பக்கம் இழுக்க எழுதப்பட்ட நூலை வைத்துத்தான் வோல்தேர் திருச்சபையை அடித்தார்.

அவர் சறுக்கிய இடம் எதுவென்று நினைக்கிறேன்? "எவ்வளவு பழசு?" என்று கேட்டவர், "இதை யார் ஓதுகிறார்கள்?" என்று கேட்கவே இல்லை. ஒரு வீட்டிலும் ஒரு சடங்கிலும் யாரும் ஓதியதில்லை. நாமும் 'மறைக்கப்பட்ட சுவிசேஷம்' என்று எதையாவது பார்த்தால் உடனே ஷேர் பண்ணுகிறோம். அதை யார், எங்கே வாசித்தார்கள் என்று விசாரிப்பதில்லை.

தோபித்துக்கு வருவோம். ஆதிச் சபை பயன்படுத்திய கிரேக்க வேதாகமத்தில் அது இருந்தது. எபிரேயப் பட்டியலில் இல்லை. புராட்டஸ்டண்டுகள் எபிரேயப் பட்டியலோடு நின்றார்கள். கத்தோலிக்கர்கள் 1546இல் திரெந்து சங்கத்தில் தோபித்தை உறுதிசெய்தார்கள். ஒரு தரப்பு 'தள்ளுபடி ஆகமம்' என்றதை 1995இல் வந்த தமிழ்ப் பொது மொழிபெயர்ப்பு 'இணைத் திருமுறை' என்கிறது. அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது. சண்டையை முடிக்காமலேயே இரண்டு பேரையும் ஒரே பந்தியில் உட்கார வைக்கிறது.

நண்பனிடம் இவ்வளவும் சொல்ல அன்று நேரமில்லை. "உங்க ஆளுங்க வாசிக்கிறத நிறுத்திட்டாங்க, எங்க ஆளுங்க நிறுத்தல" என்றேன். மிச்சத்தைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.